ரிட்டர்ன் பெட்டியைத் திறப்பதற்கு முன்

ஆன்லைனில் விற்கத் தொடங்கிய மூன்றாவது மாதம், நான் பயன்படுத்திய கேமரா லென்ஸ் ஒன்றை விற்றேன். ஒன்பதாம் நாள், "ஃபோகஸ் ஆகவில்லை" என்று ரிட்டர்ன் கேட்டார் வாங்கியவர். சரி, அனுப்புங்கள் என்றேன். வந்த பெட்டியைத் திறந்து லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், உள்கண்ணாடியில் சிலந்தி வலை போலப் பூஞ்சை. நான் அனுப்பியதில் பூஞ்சை கிடையாது. அதே கம்பெனி, அதே மாடல்தான். ஆனால் அது என் லென்ஸ் இல்லை.

விற்பனைத் தளத்துக்கு ஒன்றரைப் பக்கம் புகார் எழுதினேன். நான் எவ்வளவு நேர்மையானவன் என்பதெல்லாம் அதில் இருந்தது. அவர்கள் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று: நீங்கள் அனுப்பிய லென்ஸின் சீரியல் நம்பர் தெரிகிற படம் இருக்கிறதா? ஏழு படம் எடுத்திருந்தேன். ஆறு படங்களில் நம்பர் இருக்கிற பக்கமே இல்லை. ஏழாவதில் நம்பரின் மேல் விளக்கு வெளிச்சம் பட்டு வெள்ளையாகிக் கிடந்தது. பணமும் போச்சு, லென்ஸும் போச்சு.

இந்தப் பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்பவர் உங்களையும் பார்த்ததில்லை, வாங்கியவரையும் பார்த்ததில்லை, பொருளைத் தொட்டதும் இல்லை. அவர் கண்ணுக்குத் தெரிவது தேதி, எண், படம், இருவரும் எழுதிக்கொண்ட மெசேஜ், இவ்வளவுதான். "இதைப் பார்க்காத ஒருவருக்கு நான் எப்படிக் காட்டுவேன்?" என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொண்டே வேலை செய்யுங்கள். கீழே சொல்லப்போவதெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவைதான்.

படி 1: குறையை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்

வாங்குபவர் கையில் இருக்கும் பெரிய ஆயுதம், "விவரித்தபடி இல்லை" என்ற புகார். பொருள் வந்து சேரவில்லை என்றால் டிராக்கிங் விவரத்தைக் காட்டிப் பேசலாம். சொன்னபடி இல்லை என்றால் அவர் சொல்லுக்கு எதிராக உங்கள் சொல், அவ்வளவுதான். ஆன்லைனில் பணம் செலுத்தும் சேவையான பேபாலின் விற்பவர் பாதுகாப்பு இரண்டு வகைப் புகாருக்குத்தான் துணைக்கு வரும்: பொருள் வரவில்லை என்பது ஒன்று, கணக்குக்காரரின் அனுமதியில்லாமல் பணம் போய்விட்டது என்பது இன்னொன்று. விவரித்தபடி இல்லை என்ற புகார் அதற்குள் அடங்காது.

ஆகவே விளம்பரத்திலேயே கீறலைச் சொல்லிவிடுங்கள். "நல்ல நிலையில் உள்ளது" என்பது விவரம் ஆகாது. இப்படி எழுதலாம்: "மூடியின் இடது மூலையில் 2 செ.மீ. கீறல், நான்காவது படத்தில் காண்க. முழுச் சார்ஜில் பேட்டரி சுமார் 3 மணி நேரம் தாங்குகிறது. சார்ஜர் உண்டு, பெட்டி இல்லை." கீறலுக்குப் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துக் கிட்டத்தில் படம் எடுங்கள். விலை கொஞ்சம் குறையலாம், பரவாயில்லை. மடியில் கனமில்லையென்றால் வழியில் பயமில்லை.

"ரிட்டர்ன் கிடையாது" என்று ஒரு வரி போட்டுவிட்டால் தப்பித்தோம் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். மனம் மாறித் திருப்புபவரை அது தடுக்கலாம். குறையுள்ள பொருள், மாறி வந்த பொருள் என்ற புகாரைத் தடுக்காது. ஈபே என்ற விற்பனைத் தளத்தில் ரிட்டர்ன் இல்லை என்று போட்டிருந்தாலும், விவரித்தபடி இல்லாத பொருளுக்கு அவர்களுடைய பணம்-திரும்பும் உத்தரவாதம் செல்லும். சட்டமும் குறுக்கே வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில், வியாபாரியிடம் ஆன்லைனில் வாங்கிய நுகர்வோர் பெரும்பாலான பொருட்களை 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம். அதே சட்டம் விற்பவருக்கும் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது: பொருள் கைக்கு வரும்வரை, அல்லது அனுப்பியதற்கான சான்று வரும்வரை பணத்தை நிறுத்தி வைக்கலாம், பரிசோதிக்கத் தேவையானதைவிட அதிகமாகப் பயன்படுத்தி மதிப்பைக் குறைத்திருந்தால் அந்த அளவுக்குக் கழிக்கலாம். யாருக்கு விற்கிறீர்களோ அந்த நாட்டின் விதியை ஒருமுறை படித்துவிட்டு உங்கள் ரிட்டர்ன் விதியை எழுதுங்கள். எத்தனை நாள், திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, பொருள் எந்த நிலையில் வர வேண்டும் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும்.

படி 2: பேக்கிங்கை வெட்டில்லாமல் படம் பிடியுங்கள்

எனக்கு அதிகம் கைகொடுத்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போனை ஒரு தாங்கியில் நிறுத்தி, மேசை முழுவதும் தெரிகிற மாதிரி வையுங்கள். ரெக்கார்டிங்கை ஆரம்பித்ததும் முதலில் சீரியல் நம்பர். கேமராவுக்கு அருகில் கொண்டுபோய், மூன்று நொடி ஆடாமல் பிடியுங்கள். விளக்கு நேராக மேலே இருந்தால் நம்பர் பளபளத்து மறைந்துவிடும், பொருளைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டுங்கள். (ஏழாவது படம் கற்றுத் தந்த பாடம்.) அடுத்து பொருளை இயக்கிக் காட்டுங்கள். பிறகு நான்கு பக்கமும் திருப்புங்கள், துணைப் பொருட்களை ஒவ்வொன்றாக வையுங்கள், பபிள் ராப் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து டேப் ஒட்டுங்கள். முகவரிச் சீட்டை ஒட்டியதும் அதையும் கேமராவுக்குக் காட்டுங்கள். கடைசியாகப் பெட்டியைச் சமையலறைத் தராசில் வைத்து எடையைக் காட்டுங்கள். நடுவில் எங்கும் நிறுத்தக் கூடாது. ஒருமுறை நிறுத்தித் தொடங்கினாலும், "அந்த இடைவெளியில் மாற்றிவிட்டார்" என்று சொல்ல வழி பிறக்கும். மொத்தம் மூன்று நிமிடம் ஆகும்.

டேப்பின் விளிம்பிலிருந்து அட்டைக்கு ஓடுகிற மாதிரி பேனாவால் ஒரு கையெழுத்துப் போடுவேன். பிரித்து ஒட்டினால் கோடு பொருந்தாது. விலை உயர்ந்த பொருளில், வெளியே தெரியாத இடத்தில், புற ஊதா விளக்கில் மட்டும் தெரிகிற பேனாவால் ஒரு புள்ளி வைப்பதும் உண்டு. உடைகளை விற்பவர்கள், கழற்றினால் மறுபடி மாட்ட முடியாத பட்டையை வெளியே தெரிகிற இடத்தில் மாட்டி, "இது இருந்தால்தான் ரிட்டர்ன்" என்று முன்கூட்டியே எழுதிவிடுகிறார்கள். விழாவுக்கு ஒருநாள் உடுத்திவிட்டுத் திருப்பி அனுப்பும் கூட்டத்துக்கு அது நல்ல மருந்து.

எல்லாப் பொருளுக்கும் இவ்வளவு தேவையில்லை. கூரியர் செலவைவிடக் கொஞ்சம்தான் அதிக விலை என்கிற பொருளுக்கு இரண்டு படம் போதும், வீடியோ எடுத்துக்கொண்டிருந்தால் வேலை ஓடாது.

கூரியர் ரசீதில் எடை அச்சாகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். நம் வீட்டுத் தராசை நம்பாதவர்கூடக் கூரியரின் எடையை நம்புவார். பெட்டி காலியாக இருந்தது, உள்ளே கல் இருந்தது என்று புகார் வந்தால் இந்த எண் பேசும்.

வீடியோவையும் ரசீதையும் குறைந்தது ஆறு மாதம் அழிக்காதீர்கள். பேபாலில் பணம் செலுத்திய நாளிலிருந்து அதிகபட்சம் 180 நாள்வரை புகாரைத் தொடங்கலாம்.

படி 3: முகவரி மாறினால் விற்பனையே மாறிவிட்டது

பணம் வந்த பிறகு, "நான் ஊரில் இல்லை, என் அண்ணன் முகவரிக்கு அனுப்பிவிடுங்கள்" என்று ஒரு மெசேஜ் வரும். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பரிவர்த்தனையில் பதிவான முகவரிக்கு அனுப்பினால்தான் பேபாலின் விற்பவர் பாதுகாப்பு செல்லும். பிற தளங்களின் பாதுகாப்பிலும் இந்த நிபந்தனை சாதாரணம். திருடிய கார்டில் வாங்குபவர்களுக்கும் இந்த வழி வசதியானது. முகவரி மாற வேண்டுமா, ஆர்டரை ரத்து செய்து பணத்தைத் திருப்பிவிட்டுப் புதிய முகவரியோடு மறுபடி வாங்கச் சொல்லுங்கள். நேர்மையானவர் முணுமுணுத்துக்கொண்டே செய்துவிடுவார்.

டிராக்கிங் இல்லாமல் எதையும் அனுப்பாதீர்கள். ஈபே, பேபால் இரண்டிலும் 750 டாலரோ அதற்கு மேலோ உள்ள ஆர்டருக்குப் பெற்றவர் கையெழுத்தும் வேண்டும். வெறும் "டெலிவர் ஆனது" அங்கே போதாது. "என் கூரியர் ஆள் வந்து எடுத்துக்கொள்வார்" என்று சொல்லும் தூரத்து வாங்குபவரையும் தவிருங்கள். அந்த ஆள் எடுத்துப் போனதற்கு உங்கள் கையில் எந்தச் சான்றும் இருக்காது.

இன்னொன்று, பணம் வந்துவிட்டதா என்று உங்கள் கணக்கைத் திறந்து நீங்களே பாருங்கள். ஸ்கிரீன்ஷாட், "பணம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, டிராக்கிங் எண் தந்தால் விடுவிக்கப்படும்" என்று வரும் மின்னஞ்சல் இவையெல்லாம் பணம் ஆகாது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பி அன்றைக்கே பார்சலைக் கட்டிவிடாதீர்கள்.

படி 4: புகார் வந்ததும் முதல் மெசேஜ்

முதலில் ஒரு மூச்சு. புகார் செய்பவர்களில் பெரும்பாலோர் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. கூரியரில் அடிபட்டிருக்கும், எப்படி இயக்குவது என்று தெரியாமல் இருக்கும், அல்லது நாம்தான் தவறாக அனுப்பியிருப்போம். நானே ஒருமுறை இரண்டு பார்சல்களில் முகவரிச் சீட்டை மாற்றி ஒட்டி, இரண்டு பேரையும் கோபப்படுத்தியிருக்கிறேன்.

முதல் பதில் தளத்தின் மெசேஜ் பெட்டிக்குள்ளேயே போக வேண்டும். போனிலோ வாட்ஸ்அப்பிலோ பேசியது தீர்ப்புச் சொல்பவரின் கண்ணுக்குத் தெரியாது. வாங்கியவர் வெளியே மெசேஜ் அனுப்பினால், "நீங்கள் சொன்னதை இங்கே குறித்துவைக்கிறேன்" என்று அதைத் தளத்துக்குள் சுருக்கமாக எழுதிவிடுங்கள். நான் வழக்கமாக அனுப்புவது இப்படி இருக்கும்:

"பொருளில் சிக்கல் வந்ததற்கு வருந்துகிறேன். சரிசெய்ய உதவுகிறேன். குறை தெரியும் இடம், சீரியல் நம்பர், பெட்டியின் வெளிப்புறம் மூன்றையும் படம் எடுத்து இங்கேயே அனுப்ப முடியுமா? படம் வந்த 24 மணி நேரத்துக்குள் ரிட்டர்னா, வேறு தீர்வா என்று சொல்கிறேன்."

குற்றச்சாட்டு கிடையாது, கெஞ்சலும் கிடையாது. கேட்கும் படங்கள் எல்லாம் தேவையானவை. பொருளை மாற்றி வைத்து விளையாட நினைப்பவர் சீரியல் நம்பர் என்ற வார்த்தையைப் பார்த்ததும் காணாமல் போவதும் உண்டு. "நீ திருடன்" என்று எழுதினீர்களோ, அவர் திருடனாகவே இருந்தாலும் தீர்ப்பு உங்கள் பக்கம் சாயாது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

கெடுவைத் தவற விடாதீர்கள். ஈபேயில் வாங்கியவர் புகார் வைத்தபின் விற்பவருக்கு 3 வேலை நாள்; அதற்குள் தீராவிட்டால் அவர் ஈபேயைத் தலையிடச் சொல்லலாம். ஆதாரம் கையில் இருந்தும் பதில் போடாமல் தோற்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கூரியரில் உடைந்தது என்றால், பெட்டியையும் உள்ளே சுற்றியிருந்த பேக்கிங்கையும் தூக்கிப் போட வேண்டாம் என்று வாங்கியவரிடம் உடனே சொல்லுங்கள். காப்பீட்டுக் கோரிக்கைக்கு அது வேண்டியிருக்கும். அவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, கூரியரோடு உங்கள் வழக்கை நீங்கள் தனியாக நடத்துங்கள். பொருள் நல்லபடியாகப் போய்ச் சேரும்வரை பொறுப்பு பெரும்பாலும் நம்முடையதுதான்.

படி 5: அடிக்கடி வரும் தந்திரங்கள்

"சின்னக் கீறல் இருக்கிறது, பாதிப் பணம் தந்தால் வைத்துக்கொள்கிறேன்." அடிக்கடி வருவது இதுதான். பொருளையும் விடமாட்டார், விலையையும் பாதியாக்குவார். என் பதில் எப்போதும் ஒன்றே: "பொருளைத் திருப்பி அனுப்புங்கள், முழுப் பணமும் தருகிறேன்." உண்மையிலேயே கீறல் இருந்தால் அனுப்புவார். இல்லையென்றால் பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

"தவறுதலாக அதிகமாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தை இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்." அவர் அனுப்பியது செல்லாத காசோலையாகவோ திருட்டுக் கார்டாகவோ இருக்கும். சில நாள் கழித்து அந்தப் பணம் முழுவதும் திரும்பப் பறிபோகும், நீங்கள் அனுப்பிய மிச்சம் மட்டும் போனது போனதுதான். இதன் தம்பி, "ரீஃபண்டை வேறு கணக்கில் போடுங்கள்" என்பது. ரீஃபண்ட் என்றால் அது பணம் வந்த வழியே, தளத்தின் ரீஃபண்ட் பொத்தானை அழுத்தித்தான் போக வேண்டும். வேறு கணக்குக்கு நீங்கள் அனுப்பியது ரீஃபண்டாகப் பதிவாகாது, மறுநாளே வங்கியிடம் போய் அதே தொகையை இன்னொருமுறை கேட்பார். உண்மையான ரீஃபண்ட் கார்டில் தெரியப் பத்து வேலை நாள்கூட ஆகலாம், "இன்னும் வரவில்லை" என்று மெசேஜ் வந்தால் பதறி இரண்டாம் முறை அனுப்பிவிடாதீர்கள்.

"நட்சத்திரம் குறையும், ஜாக்கிரதை." மோசமான மதிப்புரையைக் காட்டிப் பணம் பறிப்பது பெரிய தளங்களில் விதிமீறல். 2008இலிருந்து ஈபேயில் விற்பவர் வாங்குபவருக்கு எதிர்மறை மதிப்புரை போட முடியாது, அதனால் இந்தக் கத்திக்கு ஒரு பக்கம்தான் கூர். மிரட்டல் எழுத்தில் வந்திருந்தால் பதிலே எழுதாமல் அப்படியே தளத்துக்குப் புகாராக அனுப்புங்கள்.

போலி ரிட்டர்ன் டிராக்கிங்கும் உண்டு. ரிட்டர்ன் சீட்டில் முகவரியை மாற்றி, உங்கள் பகுதியிலேயே வேறு ஒரு வீட்டுக்கு ஒரு வெறும் உறையை அனுப்பிவிடுவார்கள். திரையில் "டெலிவர் ஆனது" என்று காட்டும், உங்கள் வாசலுக்கு ஒன்றும் வந்திருக்காது. அப்போது கூரியரிடம், அந்த எண்ணில் எந்த முகவரிக்கு, என்ன எடையில் கொடுத்தார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படி 6: ரிட்டர்ன் வந்தால்

கை பரபரக்கும். உடனே கிழிக்காதீர்கள். வெளியே ஆறு பக்கமும் படம், சீட்டு தெளிவாகத் தெரிகிற ஒரு படம். அப்புறம் தராசு. அதற்குப் பிறகு, பேக்கிங் செய்தபோது பிடித்த மாதிரியே வெட்டில்லாத வீடியோவில் திறங்கள். கூரியர் ஆள் நிற்கும்போதே பெட்டி கிழிந்தோ நசுங்கியோ தெரிந்தால், அவர் கருவியிலோ காகிதத்திலோ "சேதத்துடன் பெறப்பட்டது" என்று குறிக்கச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

எடை குறைவாக இருந்தாலே மோசடி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சின்ன ஸ்பீக்கர் ஒன்று 640 கிராமில் போய் 470 கிராமில் திரும்பி வந்தது. காட்டமாக ஒரு மெசேஜ் அடித்து முடித்துவிட்டு, அனுப்பும் முன் பெட்டியைத் திறந்தேன். ஸ்பீக்கர் என்னுடையதுதான், சார்ஜர்தான் இல்லை. அடித்ததை அழித்துவிட்டுச் சார்ஜரைப் பற்றி மட்டும் கேட்டேன். "ஐயோ, சுவரிலேயே மாட்டியிருக்கிறது" என்று மறுநாளே அனுப்பி வைத்தார்.

சீரியல் நம்பரே வேறு என்றால்? ரீஃபண்டை அழுத்தாதீர்கள். போனபோது எடுத்த நம்பர் படமும் வந்தபோது எடுத்த நம்பர் படமும் ஒரே படத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். கூரியர் எடை இரண்டையும் கீழே எழுதுங்கள். நான்கு வரிக்கு மேல் வேண்டாம்: இந்தத் தேதியில் இந்த நம்பர் போனது, இந்தத் தேதியில் இந்த நம்பர் வந்தது, வீடியோ இணைப்பில், இந்த ரிட்டர்னை ஏற்க இயலாது. பூஞ்சை லென்ஸுக்கு நான் எழுதிய ஒன்றரைப் பக்கத்தைவிட இந்த நான்கு வரிக்கு வலு அதிகம். வந்த பொருளை அப்படியே எடுத்து வையுங்கள், தீர்ப்பு வரும்வரை தூக்கியும் எறியாதீர்கள், விற்றும்விடாதீர்கள்.

படி 7: வங்கி வழியாக வந்தால்

சார்ஜ்பேக் என்பது வாங்கியவர் தளத்தைத் தாண்டித் தன் கார்டு வங்கியிடமே போய்ப் பணத்தைத் திரும்பக் கேட்பது. பெரும்பாலும் 120 நாள்வரை அவருக்கு அவகாசம் இருக்கும். புகார் வந்ததும் தொகை உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப்படும். பல இடங்களில் கட்டணமும் சேரும்.

நோட்டீஸில் முதலில் காரணத்தைப் பாருங்கள். விசா கார்டில் காரணம் ஒரு எண்ணாக இருக்கும்: 10.4 என்றால் கார்டைத் தான் பயன்படுத்தவே இல்லை என்கிறார், 13.1 என்றால் பொருள் வரவில்லை என்கிறார், 13.3 என்றால் விவரித்தபடி இல்லை என்கிறார். மூன்றுக்கும் பதில் வேறு. 13.1க்கு டெலிவரிச் சான்றும் கையெழுத்தும். 13.3க்கு விளம்பரத்தின் நகல், பேக்கிங் வீடியோவிலிருந்து எடுத்த படங்கள், ரிட்டர்ன் விதி, நீங்கள் ரிட்டர்ன் ஏற்கத் தயாராக இருந்ததைக் காட்டும் மெசேஜ். 10.4தான் கடினம். அனுப்பிய முகவரியும் கார்டின் முகவரியும் பொருந்துவது, ஆர்டர் போட்ட கருவியின் இணைய முகவரி (ஐபி), அவர் உங்களிடம் முன்பு தகராறில்லாமல் வாங்கிய ஆர்டர்கள் இருந்தால் அவை, இப்படித் திரட்ட வேண்டும். பொருள் கிடைத்ததற்கு அவரே நன்றி சொன்ன மெசேஜ் இருந்தால் அதுவே பாதி வழக்கை முடித்துவிடும்.

சார்ஜ்பேக் திறந்திருக்கும்போது தனியாக ரீஃபண்ட் கொடுக்காதீர்கள், இரண்டு வழியிலும் பணம் போய்விடலாம். அவர் சொல்வது நியாயம் என்று தோன்றினால் அந்தச் சார்ஜ்பேக்கையே ஏற்றுக்கொள்ளுங்கள்.

விட்டுவிட வேண்டிய நேரம்

எல்லாவற்றுக்கும் சண்டை போட முடியாது. ஆதாரம் தேடி, எழுதி, காத்திருக்க ஆகும் நேரத்தின் மதிப்பு பொருளின் மதிப்பைத் தாண்டினால் நான் ரீஃபண்டை அழுத்திவிட்டு அடுத்த பார்சலைக் கட்டப் போய்விடுவேன். ஆனால் சும்மா விடுவதில்லை. தளத்தில் அந்த வாங்குபவரைப் பற்றிப் புகார் பதிவு செய்வேன். அது இன்று எனக்கு உதவாது, அதே ஆள்மேல் நான்காவது, ஐந்தாவது புகார் வரும்போது வேறொரு விற்பவருக்கு உதவலாம். அவரைத் தடைப் பட்டியலில் சேர்ப்பேன். என் நோட்டில் பயனர் பெயர், முகவரி, என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதிவைப்பேன், ஏனென்றால் அடுத்த முறை அவர் வேறு பெயரில் வருவார், முகவரி மட்டும் அதேதான் இருக்கும். அந்த நோட்டை யாருக்கும் காட்டுவதில்லை. பெயரைப் பொதுவெளியில் போட்டுத் தூற்றினால் வழக்கு நம்மேல் திரும்பும். ஆர்டர் வந்ததும், பார்சல் கட்டுவதற்கு முன், அந்த நோட்டை ஒருமுறை புரட்டிப் பார்ப்பேன்.